டைட்டானியத்துக்கு ஆசிட் எதற்கு? வண்டிப் பாகங்களைச் சுத்தம் செய்யும் முன் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலை. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு வாட்டர் வாஷ் கடையில் வண்டியை விட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காரின் சைலன்சர் முனை பழுப்பேறிக் கிடக்கிறது. "ஒரிஜினல் டைட்டானியம் சார்" என்று சொல்லி உங்களிடம் விற்ற பாகம் அது. கடையில் வேலை செய்யும் தம்பி குனிந்து பார்க்கிறார். "இதெல்லாம் ஒண்ணுமே இல்லண்ணே. மருந்து ஊத்தினா அஞ்சே நிமிஷம், பளபளன்னு ஆயிடும்" என்கிறார். உள்ளே போய் ஒரு பழைய குளிர்பான பாட்டிலை எடுத்து வருகிறார். அதில் லேபிள் இல்லை. அவர் கையில் உறையும் இல்லை.

அந்த நிமிடத்தில் நீங்கள் என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் இந்த மாதப் பாடம்.

விஷயத்தைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம். டைட்டானியம் துருப்பிடிக்காத உலோகம். அதன் மேல் இருப்பது பெரும்பாலும் தூசி, எண்ணெய், உப்புக் கறை, இல்லையென்றால் சூட்டினால் வந்த நிறம். சோப்பு, தண்ணீர், மென்மையான துணி, கொஞ்சம் பொறுமை இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். ஆபத்து அழுக்கில் இல்லை; அதை எடுக்கக் கொண்டுவரும் ஆசிட்டிலும் மெஷினிலும்தான் இருக்கிறது.

எனவே பட்டறையிலோ வாட்டர் வாஷ் கடையிலோ மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒன்று, இது என்ன உலோகம்? இரண்டு, பாட்டிலில் என்ன இருக்கிறது? மூன்று, எதை வைத்துத் தேய்க்கப் போகிறீர்கள்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்ம ஊரும் இந்த உலோகமும்

அம்பத்தூர், பாடி, ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் வசிப்பவர்களுக்கு உலோக வேலை புதிதல்ல. பாடியில் லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா. ஆவடியில் பீரங்கி வண்டி தயாரிக்கும் கனரக வாகனத் தொழிற்சாலை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத், பிளேட்டிங், பாலிஷ் பட்டறைகள் என்று 1960-களிலிருந்து வளர்ந்த பகுதி இது. நம் வீடுகளில் யாராவது ஒருவர் எஸ்டேட்டில் ஷிஃப்டு பார்த்தவராக இருப்பார். இரும்பு, அலுமினியம், பித்தளை ஆகியவற்றின் குணம் இங்குள்ள கைகளுக்கு அத்துப்படி. டைட்டானியம் மட்டும் கொஞ்சம் வேறு ரகம். இரும்புக்குச் சரியாக வரும் பழக்கம் இதற்குத் தவறாகிவிடும்.

ஆனால் இந்த உலோகத்தின் மூலப்பொருள் நமக்கு அந்நியமானது அல்ல. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருப்பு நிறத்தில் ஒரு மணல் உண்டு. அதில் இருக்கும் இல்மனைட் என்ற தாதுதான் டைட்டானியத்தின் முக்கிய மூலம். அங்கே மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் அந்த மணலைப் பிரித்தெடுக்கிறது. அதே கடற்கரை வரிசையில் கேரளத்தின் சவராவில், கேஎம்எம்எல் நிறுவனம் 2011-ல் டைட்டானியம் ஸ்பாஞ்ச் ஆலையைத் தொடங்கியது. ஆண்டுக்கு 500 டன் திறன் கொண்ட அந்த ஆலையின் முக்கிய நோக்கம் நம் விண்வெளித் துறைக்கு உலோகம் தருவது.

ராக்கெட்டுக்குப் போகும் உலோகம் காருக்கு ஏன் வந்தது? எடைதான் காரணம். ஒரு கன செ.மீ. எஃகு ஏறக்குறைய 7.8 கிராம். அதே அளவு டைட்டானியம் 4.5 கிராம்தான். ஆனால் வலுவில் அதன் கலவைகள் நல்ல எஃகுக்கு இணையாக நிற்கும். 1990-ல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரின் இன்ஜினில் கனெக்டிங் ராடு டைட்டானியத்தில் இருந்தது. 2001-ல் செவர்லே கொர்வெட் இசட்06 காரில் சைலன்சர் டைட்டானியத்தில் வந்தது. நம் ஊரில் இதைப் பார்ப்பது பெரும்பாலும் வெளியில் வாங்கிப் பொருத்தும் பாகங்களில்தான்: வீல் நட்டு, போல்ட், சைலன்சர் முனை, பைக் சைலன்சர்.

முதல் கேள்வி: இது டைட்டானியம்தானா?

பலர் ஏமாறுவது இங்கேதான். "டைட்டானியம்" என்ற சொல் விளம்பரத்துக்கு அழகான சொல். மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டில் டைட்டானியம் என்று ஒரு வேரியன்ட் இருந்தது. அது வசதிகளின் அடிப்படையில் வைத்த பெயர். கார் அந்த உலோகத்தால் ஆனது என்று பொருள் இல்லை. "டைட்டானியம் கிரே" என்பது பெயின்ட் நிறம். "டைட்டானியம் கோட்டிங்" என்றால் மேலே ஒரு மெல்லிய பூச்சு மட்டும். உள்ளே எஃகு இருக்கலாம்.

நீலமும் தங்க நிறமும் கலந்து மின்னினால் டைட்டானியம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதுவும் சரியில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைச் சூடாக்கினாலும் அதே நிறங்கள் வரும். காந்தத்தை வைத்துப் பார்க்கலாமா? பார்க்கலாம். நன்றாக ஒட்டினால் அது டைட்டானியம் இல்லை என்பது உறுதி. ஒட்டாவிட்டால் மட்டும் டைட்டானியம் என்று சொல்ல முடியாது. நம் சமையலறைப் பாத்திரங்களில் வரும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பல வகைகளும் காந்தத்தில் ஒட்டாது, அலுமினியமும் ஒட்டாது.

வீட்டிலேயே நம்பகமாகச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சமையலறை டிஜிட்டல் தராசு, ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் நூல் போதும்.

1. நான்கு வீல் நட்டுகளை நூலில் சேர்த்துக் கட்டி எடை பாருங்கள். ஒரு நட்டை மட்டும் வைத்தால் தராசின் சிறு பிழையும் கணக்கைக் கெடுத்துவிடும். அதனால்தான் நான்கு.

2. நட்டுகள் முழுவதும் மூழ்கும் அளவு தண்ணீர் உள்ள டம்ளரைத் தராசில் வைத்து, பட்டனை அழுத்தி எடையைப் பூஜ்யமாக்குங்கள்.

3. நூலைக் கையில் பிடித்தபடி நட்டுகளைத் தண்ணீருக்குள் முழுவதும் மூழ்க விடுங்கள். அடியிலோ பக்கத்திலோ தொடக் கூடாது. உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் லேசாக ஆட்டி வெளியேற்றுங்கள்.

4. இப்போது தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் நட்டுகளின் கன அளவு, கன செ.மீ. கணக்கில்.

5. முதல் எடையை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள்.

விடை 4.5-ஐ ஒட்டி வந்தால் டைட்டானியம். 7.8-ஐ ஒட்டி வந்தால் எஃகு. 2.7-ஐ ஒட்டி வந்தால் அலுமினியம். உதாரணமாக, நான்கு நட்டும் சேர்ந்து 144 கிராம், மூழ்கும்போது தராசு 32 காட்டுகிறது என்றால், 144-ஐ 32-ஆல் வகுக்க 4.5 வரும். அதே அளவு நட்டு எஃகாக இருந்தால் எடையே சுமார் 250 கிராம் வந்திருக்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: கார் நட்டைக் கழற்றிச் சோதித்த பிறகு, அந்த வண்டியின் கையேட்டில் சொன்ன டார்க் அளவுக்கு முறையாக இறுக்க வேண்டும். தெரியாது என்றால், டயர் கடையில் கழற்றி மாட்டும் நாளில் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

இந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? அலுமினியத்தில் ஊற்றினால் அரித்துவிடும் திரவம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒன்றும் செய்யாமல் போகலாம். டைட்டானியத்தை அரிக்கும் திரவம் வேறு. என்ன உலோகம் என்று தெரியாமல் சுத்தம் செய்வது, என்ன நோய் என்று தெரியாமல் மாத்திரை போடுவது மாதிரி.

அந்த நிறம் அழுக்கா?

டைட்டானியத்தின் மேல் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலம் இருக்கும். கீறினாலும் காற்று பட்டவுடன் தானாகவே மீண்டும் உருவாகிவிடும். துருப்பிடிக்காமல் காப்பது அந்தப் படலம்தான். சூடு ஏற ஏறப் படலம் தடிமனாகும். அப்போது வெளிர் தங்க நிறம், பிறகு ஊதா, பிறகு நீலம் என்று தெரியும். மழை நாளில் ரோட்டில் சிந்திய டீசல் மேல் வானவில் தெரிகிறதே, அதே கதைதான். அங்கே சாயம் இல்லை. மெல்லிய படலத்தில் ஒளி பட்டுத் திரும்புவதால் தெரியும் நிறம்.

அதனால் இரண்டு விஷயங்களை நினைவில் வையுங்கள். சைலன்சரில் வரும் நீலம் சேதம் இல்லை. உங்களுக்குப் பிடித்திருந்தால் அப்படியே விட்டுவிடலாம். பாலிஷ் போட்டால் அந்த நிறம் போய்விடும். துணியால் துடைத்து அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கலர் கலராக விற்கும் டைட்டானியம் போல்ட்டுகளின் நிறமும் மின்சாரம் பாய்ச்சி உருவாக்கிய இதே மாதிரிப் படலம்தான். அவற்றுக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும் போதும். பாலிஷ் கிரீம் கூடாது.

பழுப்பாக, திட்டுத் திட்டாக இருக்கிறதா? அது பெரும்பாலும் சூட்டில் எரிந்து ஒட்டிய எண்ணெய், சேறு, கைரேகை. ஆம், கைரேகைதான். விரலில் உள்ள எண்ணெயும் வேர்வை உப்பும் சூடான குழாயில் பதிந்து நிரந்தரக் கறை ஆகிவிடும். புதிதாகப் பொருத்திய டைட்டானியம் சைலன்சரை முதல் முறை ஸ்டார்ட் செய்யும் முன் துடைக்கச் சொல்வது இதனால்தான்.

வீட்டிலேயே சுத்தம் செய்யும் முறை

தேவையானவை: கார் ஷாம்பு, இரண்டு வாளி, மென்மையான பிரஷ், மைக்ரோஃபைபர் துணி, ஐசோபுரோபைல் ஆல்கஹால், ரப்பர் கையுறை. அவ்வளவுதான்.

ஆறவிடுங்கள். வண்டி ஓட்டி வந்தவுடன் தொடாதீர்கள். சைலன்சர் முழுவதும் ஆறிய பிறகே வேலை. சூட்டில் தண்ணீர் ஊற்றினால் கறை படியும், கையும் சுடும்.

முதலில் தண்ணீர். தூசியையும் மணலையும் தண்ணீரால் கழுவி விடுங்கள். மணல் இருக்கும்போது தேய்த்தால் அதுவே எமரி பேப்பர் மாதிரிக் கீறிவிடும்.

பிறகு ஷாம்பு. ஒரு வாளியில் ஷாம்பு கலந்த நீர், இன்னொன்றில் துணி அலச நல்ல நீர். மென்மையான பிரஷ்ஷால் இடுக்குகளைத் தேய்த்துக் கழுவுங்கள்.

தார், கிரீஸ் இருந்தால், துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை நனைத்துத் துடையுங்கள். காற்றோட்டமான இடத்தில், அடுப்பு, பீடி, சிகரெட் எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். "ஸ்பிரிட்" என்று பொதுவாகக் கிடைப்பதை வாங்காதீர்கள். அதில் மெத்தனால் இருக்கலாம். மெத்தனால் மனிதருக்கு விஷம். டைட்டானியத்திலும் விரிசலை உண்டாக்கக் கூடியது.

வெள்ளைத் திட்டு இருந்தால், அது போர் தண்ணீரின் உப்பு. நம் பகுதியில் பல வீடுகளில் இந்தப் பிரச்சினை உண்டு. சமையல் வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து துணியால் ஒற்றி, சில நிமிடங்களில் நன்றாகக் கழுவிவிடுங்கள். பக்கத்தில் உள்ள அலுமினியம், குரோம் பாகங்களில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுவி முடித்ததும் ஈரத்தைத் துடைத்துவிட்டால் திட்டு மறுபடி வராது.

கடைசியாகத் துடையுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, சுத்தமான துணியில் கொஞ்சம் ஆல்கஹால் தொட்டு முழுவதும் ஒருமுறை துடைத்து, அது முற்றிலும் காய்ந்த பிறகே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். சைலன்சருக்கு வாக்ஸ் வேண்டாம். சூட்டில் எரிந்து அதுவே கறையாகும்.

கறை இன்னும் போகவில்லையா? மெட்டல் பாலிஷ் கிரீமைப் பின்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் முதலில் போட்டுப் பாருங்கள். திருப்தி என்றால் பனியன் துணியால், ஒரே திசையில், கையாலேயே தேயுங்கள்.

கீறலை எடுக்க வேண்டும் என்றால் வாட்டர் பேப்பர். பாகத்தைக் கழற்றிக் கையில் எடுத்த பிறகு 600-ல் தொடங்கி 800, 1000, 1500, 2000 என்று படிப்படியாகப் போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் முந்தைய பேப்பரின் கோடு முழுவதும் மறைந்த பிறகே அடுத்தது. நடுவில் ஒரு படியைத் தாண்டினால் கடைசிப் பளபளப்பில் அந்தக் கோடு பல்லைக் காட்டும். எப்போதும் ஈரத்தோடு தேயுங்கள். தூசி பறக்காது, உலோகமும் சூடாகாது. வீல் நட்டின் மரை, வீலில் உட்காரும் கூம்புப் பகுதி இரண்டையும் ஒருபோதும் தேய்க்காதீர்கள். பிடிமானமே அங்கேதான் இருக்கிறது.

ஒரு பொதுவான தவறையும் சொல்லிவிட வேண்டும்: இரும்பு வயர் பிரஷ், பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார். இவற்றால் தேய்த்தால் இரும்புத் துகள்கள் டைட்டானியத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மழைக்குப் பிறகு அந்தத் துகள் துருப்பிடிக்கும். "டைட்டானியம்னு சொன்னாங்க, துரு பிடிச்சிருக்கே" என்று நாம் கோபப்படுவோம். துரு பிடித்தது டைட்டானியம் இல்லை. நாம் தேய்த்த நார்.

இரண்டாவது கேள்வி: பாட்டிலில் என்ன இருக்கிறது?

இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதி இது. தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

டைட்டானியம் பல அமிலங்களைத் தாங்கும். ஆனால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை அதனால் தாங்க முடியாது, கரைந்துபோகும். தொழிற்சாலைகளில் டைட்டானியத்தின் மேல்தோலை எடுக்க இந்த அமிலத்தை, தகுந்த பாதுகாப்போடு, பயன்படுத்துவது உண்டு. சில வீல் கிளீனர்களிலும் துருக்கறை நீக்கிகளிலும் இதுவோ, இதன் உறவான அம்மோனியம் பைஃபுளோரைடோ இருக்கிறது. லேபிள் இல்லாத பாட்டிலில் எது இருக்கிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீர் மாதிரியேதான் இருக்கும்.

மற்ற ஆசிட் பட்டால் உடனே எரியும், கையை உதறிவிடுவோம். இது அப்படி இல்லை. நீர்த்த நிலையில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாமல் போகலாம். பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான், தாங்க முடியாத வலி தொடங்கும். அதற்குள் ஃபுளோரைடு தோலைத் தாண்டி உள்ளே போய், உடம்பில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். எலும்பு வரை சேதம் போகலாம். அதிகம் பட்டால் இதயத் துடிப்பே பாதிக்கப்படும். "லேசாத்தான் பட்டுச்சு" என்று விட்டுவிடக் கூடிய பொருள் அல்ல இது.

பட்டுவிட்டால் என்ன செய்வது?

ஈரமான உடை, மோதிரம், வாட்ச்சை உடனே கழற்றுங்கள். உதவி செய்பவர் கையுறை அணிந்துகொள்ள வேண்டும்.

பட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக் கழுவுங்கள்.

அதே நேரத்தில் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். "ஃபுளோரைடு ஆசிட் பட்டிருக்கலாம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இதற்குக் கால்சியம் குளூக்கோனேட் என்ற மருந்து தேவைப்படும். சாதாரண ஆசிட் காயம் என்று நினைத்தால் சிகிச்சை தாமதமாகும்.

பாட்டிலை நன்றாக மூடி, கவரில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயச் சிகிச்சைக்கெனத் தனிப்பிரிவு இயங்குகிறது.

வலி இல்லை என்றாலும் மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள், பேஸ்ட், தேங்காய் எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம்.

வீட்டில் கழிவறைக்கு வைத்திருக்கும் ஆசிட்டையும் வண்டிக்குக் கொண்டுவராதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அடர்த்தியாகவோ சூடாகவோ இருந்தால் டைட்டானியத்தையும் அரிக்கும். பக்கத்தில் உள்ள அலுமினியத்தை நிச்சயம் அரிக்கும். அதோடு பிளீச்சிங் பவுடர் கலந்தால் குளோரின் வாயு வெளியேறும். மூடிய ஷெட்டில் அது உயிருக்கே ஆபத்து.

அந்தக் கடைத் தம்பியை மறந்துவிடாதீர்கள். உங்கள் சைலன்சரில் ஒருமுறை படும் திரவம், அவர் கையில் தினமும் படுகிறது. "தம்பி, இதுக்கு ஆசிட் வேணாம். ஷாம்பு போட்டுக் கழுவுங்க, போதும்" என்று வாடிக்கையாளர் சொன்னால் அவருக்கு மறுக்கக் காரணமே இல்லை. 18 வயது நிரம்பாதவர் ஆசிட் வேலை செய்வதைப் பார்த்தால் 1098 எண்ணில் தெரிவிக்கலாம்.

மூன்றாவது கேள்வி: எதை வைத்துத் தேய்க்கிறீர்கள்?

பட்டறையில் பஃபிங் மெஷினில் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் டைட்டானியம் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். தேய்க்கும் இடத்திலேயே சூடு தங்கிவிடும். அதிக வேகத்தில் அழுத்திப் பிடித்தால் நிறம் மாறும், உலோகம் வீலில் இழுபட்டு அப்பிக்கொள்ளும். குறைந்த வேகம், லேசான அழுத்தம், அடிக்கடி நிறுத்தி ஆறவிடுதல் - இதுதான் முறை.

அதைவிடப் பெரிய விஷயம் தூசி. கட்டியாக இருக்கும் டைட்டானியம் எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் கிரைண்டரில் பறக்கும் நுண்ணிய தூசி நன்றாக எரியும். கிரைண்டரில் வைத்தால் கண்ணைப் பறிக்கும் வெள்ளைப் பொறி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொறி பக்கத்தில் உள்ள தின்னர் டப்பாவிலோ, எண்ணெய் ஊறிய பனியன் வேஸ்ட்டிலோ, வாரக் கணக்கில் சேர்ந்த உலோகத் தூசியிலோ விழுந்தால் போதும்.

எரியும் டைட்டானியத்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. அந்த வெப்பத்தில் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து தீ வெடித்துப் பரவும். காரில் வைத்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வகைத் தீயணைப்பானும் உதவாது. உலர்ந்த மணல் போட்டு மூடுவது ஒன்றுதான் பட்டறையில் கைக்கு எட்டும் வழி. அதுவும் தீ சிறியதாக இருக்கும்போது மட்டும். இல்லையென்றால் வெளியே வந்து 101 அல்லது 112-ஐ அழைத்து, "உலோகத் தூசியில் தீ" என்று சொல்லுங்கள்.

பட்டறை வைத்திருக்கும் வாசகர்களுக்கு மூன்று வார்த்தை. இரும்புக்குப் பயன்படுத்திய வீலில் டைட்டானியத்தையோ அலுமினியத்தையோ பிடிக்காதீர்கள். துருத் தூசியும் இந்த உலோகங்களின் தூசியும் சேர்ந்தால் கடும் வெப்பத்தோடு எரியும். அன்றன்றைய தூசியை அன்றன்றே அகற்றுங்கள். மெஷின் பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் எப்போதும் இருக்கட்டும். மழைக்காலத்தில் அது நனைந்திருக்கிறதா என்று பாருங்கள், ஈர மணல் உதவாது.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகள் தொழிற்பேட்டைக்கு அருகிலேயே இருக்கின்றன. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி. பூந்தமல்லிப் பக்கத்தில் கூவம். தெருவோர மழைநீர் வடிகாலில் நாம் விடுவது கடைசியில் நீர்நிலைக்குத்தான் போகும். சோப்பு நீரைக் குறைவாகப் பயன்படுத்துங்கள். எண்ணெய் துடைத்த துணியை வடிகாலில் போடாதீர்கள். மிச்சமான ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றும் கடையைப் பார்த்தால் புகார் செய்யுங்கள். அம்பத்தூர் மண்டலம் சென்னை மாநகராட்சிக்குள் வருவதால் 1913. ஆவடி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சிப் பகுதியினர் முதல்வரின் உதவி மையம் 1100-ஐ அழைக்கலாம்.

பளபளப்பு சரி, சட்டம்?

உங்கள் வண்டியில் இருக்கும் பாகத்தைச் சுத்தம் செய்யவோ பாலிஷ் போடவோ யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். ஆனால் கம்பெனி பொருத்திய சைலன்சரை எடுத்துவிட்டு, சத்தம் அதிகமான ஒன்றை மாட்டுவது வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் 2019-ம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். ஒலி, காற்று மாசு விதியை மீறி ஓட்டினால் 190(2) பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு 3 மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியும் போகும். சந்தேகம் இருந்தால் பொருத்தும் முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பூந்தமல்லிக்கு டிஎன் 12, அம்பத்தூருக்கு டிஎன் 13.

ஏமாற்றப்பட்டால்

பாகம் வாங்கும்போது பில்லில் "டைட்டானியம்" என்று எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னதை நிரூபிப்பது கஷ்டம். எழுதித் தர மறுக்கிறார் என்றால், அதுவே உங்களுக்குப் பதில். பில், பேக்கிங் அட்டை, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் மொபைலில் ஒரே ஃபோல்டரில் வைத்திருங்கள். தராசுச் சோதனையை வீடியோ எடுத்தும் வைக்கலாம்.

முதலில் கடைக்காரரிடம் பேசுங்கள். தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி இணையதளத்தில் மொபைலிலிருந்தே மனு தாக்கல் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம்; பிரச்சினை எழுந்து 2 ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும். பாலிஷ் என்று சொல்லிப் பாகத்தைக் கெடுத்துவிட்டாலும் இதே வழிதான். சேவைக் குறைபாடும் இதில் அடங்கும்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைக்குத் திரும்புவோம். லேபிள் இல்லாத பாட்டிலோடு தம்பி நிற்கிறார். நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "மருந்து வேணாம் தம்பி. அதை மூடி வெச்சிடுங்க. வண்டி ஆறட்டும், ஷாம்பு போட்டுத் துணியால துடைச்சா போதும்." பத்து நிமிடம் கூடுதலாகும். சைலன்சரின் நிறம் கொஞ்சம் மிச்சமிருக்கலாம். அவர் கையும் உங்கள் பாகமும் பத்திரமாக இருக்கும்.

மொபைலில் சேமித்து வைக்க:
ஆம்புலன்ஸ் 108
தீயணைப்பு 101
அவசர உதவி 112
குழந்தைகள் உதவி 1098
முதல்வரின் உதவி மையம் 1100
சென்னை மாநகராட்சி 1913
நுகர்வோர் உதவி 1915